ஆயிரம் சொல்லோடு ஒரு கைதி

மார்செய் துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறைத் தீவு. அதன்மேல் ஷாத்தோ தீஃப் என்ற கோட்டைச் சிறை. அலெக்ஸாந்தர் டூமா 1844 முதல் 1846 வரை தொடர்கதையாக எழுதிய 'மான்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் நாயகன் எட்மோன் தாந்தெஸ், செய்யாத குற்றத்துக்காக அங்கே பதினான்கு ஆண்டுகள் அடைபட்டுக் கிடக்கிறான். ஒருநாள் சுவருக்குள் யாரோ சுரண்டும் சத்தம் கேட்கிறது. பக்கத்து நிலவறையில் இருக்கும் அபே ஃபரியா என்ற முதிய பாதிரியார், கடலை நோக்கித் தோண்டுவதாக எண்ணி ஐம்பது அடிச் சுரங்கம் தோண்டியிருக்கிறார். கணக்கு பிசகிவிட்டது. வந்து சேர்ந்த இடம் இன்னொரு கைதியின் அறை.

நாவலைப் படித்தவர்களுக்குப் புதையல் நினைவிருக்கும், பழிவாங்கல் நினைவிருக்கும். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது இடையில் வரும் ஒரு சின்னப் பேச்சு. ஃபரியா தன் அறையைத் தாந்தெஸுக்குச் சுற்றிக் காட்டுகிறார். அடைபட்டுக் கிடந்த பழைய கணப்படுப்பின் புகைக்கரியை ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் ஒயினில் கரைத்து மை. சாப்பாட்டில் வரும் பெரிய மீனின் தலைக் குருத்தெலும்பைச் சீவிப் பேனா. சட்டைத் துணியில் எழுதிய ஒரு முழு நூல். எத்தனை மொழி தெரியும் என்று தாந்தெஸ் கேட்கிறான். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம், ஸ்பானிஷ் என்று ஐந்தைச் சொல்லிவிட்டு, பழைய கிரேக்கத்தின் துணையோடு இன்றைய கிரேக்கத்தையும் புரிந்துகொள்கிறேன், பேசத்தான் இன்னும் பழக வேண்டும் என்கிறார். புத்தகம் இல்லை, ஆசிரியர் இல்லை. எப்படி முடிகிறது? தெரிந்த சொற்களையெல்லாம் ஒரு பட்டியலாக்கினாராம். அவற்றைத் திருப்பிப் போட்டு, மாற்றி அடுக்கி, மனதில் வருவதையெல்லாம் அவற்றைக் கொண்டே சொல்லப் பழகினாராம். கிட்டத்தட்ட ஆயிரம் சொல் தேறியது. அகராதியில் லட்சம் இருந்தாலும் காரியத்துக்கு இது போதும் என்பது அவர் தீர்ப்பு.

இந்தப் பாதிரியாருக்கு ஓர் அசல் உண்டு. கோவாவின் காண்டோலிமில் 1756-இல் பிறந்து, பாரிஸில் ஹிப்னாடிசத்தின் முன்னோடிகளில் ஒருவராகப் பெயரெடுத்த ஜோசே குஸ்தோதியோ தெ ஃபரியா. பணஜி நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. டூமா அவர் பெயரை எடுத்துக்கொண்டு ஆளை இத்தாலியராக்கிவிட்டார். கொங்கணிக்காரர் ஒருவர் இப்படி பிரெஞ்சு இலக்கியத்தில் இத்தாலியராக உலாவுவது தனிக் கதை; நாம் சொற்களுக்கு வருவோம்.

ஆயிரம் சொல் போதுமா? நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட கேள்விகளோடு இருந்தவர். அவர் தனிச் சொற்களை எண்ணுவதில்லை, சொற்குடும்பங்களை எண்ணுவார். ஆக்ட், ஆக்டர், ஆக்‌ஷன், ஆக்டிவ் எல்லாம் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் முதல் ஆயிரம் குடும்பங்கள், எழுத்தில் ஓடும் சொற்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அடைத்துவிடுகின்றன. கடைக்குப் போக, வழி கேட்க, பசி சொல்ல அது போதும். அந்த அளவில் ஃபரியா சொன்னது சரி. ஆனால் மிச்சமிருக்கும் ஐந்தில் ஒரு பங்கில்தான் செய்தியே இருக்கும். ஒரு நாவலையோ நாளிதழையோ அகராதி இல்லாமல் படிக்க வேண்டுமென்றால், ஓடும் சொற்களில் 98 விழுக்காடாவது தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு 2006-இல் நேஷன் கணக்குப் போட்டார். விடை, எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் குடும்பங்கள். பேச்சைப் புரிந்துகொள்ள ஆறாயிரம் முதல் ஏழாயிரம்.

ஆக ஆயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குப் போகும் வழிதான் கேள்வி. நம் ஊரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதற்குச் சொற்பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். இரவெல்லாம் படித்தால் காலையில் பாதி இருக்கிறது, அடுத்த வாரம் அதுவும் இல்லை. அப்புறம் "எனக்கு ஞாபகசக்தி கம்மி சார்" என்பார்கள். ஞாபகசக்தியில் பெரும்பாலும் கோளாறு இருப்பதில்லை. அதற்குத் தீனி போடும் விதம்தான் சரியில்லை.

1969-இல் ஸ்டான்ஃபோர்டில் கார்டன் பவர், மைக்கேல் கிளார்க் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். பட்டியலுக்குப் பத்துப் பெயர்ச்சொல், மொத்தம் பன்னிரண்டு பட்டியல். ஒரு சாராரிடம் பத்துச் சொல்லையும் கோத்து ஆளுக்கொரு கதை கட்டச் சொன்னார்கள். இன்னொரு சாராருக்கு அதே நேரம் கொடுத்து, வழக்கம்போல் படித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொரு பட்டியல் முடிந்ததும் கேட்டபோது இரு சாராரும் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள். பன்னிரண்டும் முடிந்த பிறகு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கதை கட்டியவர்கள் 93 விழுக்காடு சொன்னார்கள். மற்றவர்கள் 13.

நினைவாற்றல் பயிலரங்குகளில் இந்த எண்களைக் காட்டிக் கட்டணம் வாங்குவார்கள். காட்டாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தச் சொற்களெல்லாம் மாணவர்களுக்கு முன்பே தெரிந்தவை. கதை அவர்களுக்குச் சொற்களைக் கற்றுத்தரவில்லை; எது எங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொடுத்தது, அவ்வளவுதான். புதுச்சொல்லுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அதன் ஓசையே காதுக்கு அந்நியம், பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. கதை சொல்லுக்கு ஓர் இடம் தரும். கைப்பிடியை வேறெங்காவதுதான் தேட வேண்டும். வேர்ச்சொல்லின் வேலை அங்கே தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. சொற்களைக் கோக்க ஏன் தப்பியோடும் கதை? காதல் கதையும் கல்யாணக் கதையும் ஆகாதா? ஆகும். ஆனால் சிறை உடைக்கும் கதையில் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியால் விளைகிறது. கரண்டி கிடைத்ததால் சுவர் பெயர்கிறது. சுவர் பெயர்ந்ததால் மண்ணை ஒளிக்க வேண்டியிருக்கிறது. மண்ணை ஒளிக்கப்போய்க் காவலனுக்குச் சந்தேகம் வருகிறது. கதைகளைக் கேட்டவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று டாம் ட்ரபாஸோவும் பால் வான் டென் ப்ரூக்கும் 1985-இல் ஆராய்ந்தார்கள். காரண காரியச் சங்கிலியில் பல கண்ணிகளோடு பிணைந்த நிகழ்ச்சிகள் நின்றன, சங்கிலிக்கு வெளியே தொங்கியவை உதிர்ந்தன. சிறை உடைக்கும் கதையில் உதிரி நிகழ்ச்சி குறைவு.

இன்னொரு காரணம், சொற்கள் எப்படிக் கூட்டுச் சேர்கின்றன என்பது. பாடநூல்கள் பழங்களை ஒரு பக்கத்திலும் நிறங்களை ஒரு பக்கத்திலும் அடுக்குகின்றன. தேர்வுக் கையேடுகள் ஒருபடி மேலே போய், ஒரே பொருள் தரும் ஏழெட்டுச் சொல்லை ஒரே மூச்சில் தருகின்றன. தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் 1990-களில் செயற்கையாக உருவாக்கிய சொற்களை வைத்துப் பார்த்தபோது, இப்படி ஒரே இனமாகச் சேர்த்துப் படிப்பது உதவவில்லை, குழப்பியது. ஒன்றுக்கொன்று சாயல் உள்ளவை நினைவில் மோதிக்கொள்கின்றன. ஒரே காட்சியைச் சேர்ந்த சொற்கள், அதாவது தவளை, குளம், பச்சை, வழுக்கல் போன்றவை சேர்ந்து வந்தபோது கற்பது எளிதாக இருந்தது. தப்பியோடும் கதையில் சொற்கள் இந்த இரண்டாம் வகையில்தான் வந்து விழும்.

தாந்தெஸ் தப்பிய கதையையே எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் கஷ்டமான ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை வேண்டுமென்றே உள்ளே விட்டிருக்கிறேன்.

தாந்தெஸ் கேப்டிவ். இருட்டறையில் பதினான்காவது வருஷம். எக்ஸ்கவேட் செய்த சப்டெரேனியன் வழி ஒன்று அவன் அறையையும் கிழவர் அறையையும் இணைக்கிறது. கிழவர் இறந்துபோகிறார். காவலர்கள் கெடாவரைச் சாக்கில் போட்டுத் தைத்துவிட்டு, ராத்திரி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். தாந்தெஸ் தையலைப் பிரிக்கிறான். உடலைச் சுரங்கம் வழியே இழுத்துப்போய்த் தன் கட்டிலில் கிடத்திப் போர்த்துகிறான். திரும்பி வந்து சாக்குக்குள் புகுந்து, உள்ளேயிருந்தே தைத்துக்கொள்கிறான். சப்டர்ஃபியூஜ் பலிக்கிறது. புதைத்துவிட்டுப் போவார்கள், மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியேறலாம் என்பது அவன் கணக்கு. வந்தவர்களோ காலில் 36 பவுண்டு இரும்புக் குண்டைக் கட்டுகிறார்கள். தலைமாட்டில் ஒருவன், கால்மாட்டில் ஒருவன், வீசி ஆட்டிக் கடலில் எறிகிறார்கள். அந்தச் சிறைக்குக் கடல்தான் இடுகாடு. சப்மெர்ஜ் ஆனவன் கையிலிருந்த கத்தியால் சாக்கைக் கிழிக்கிறான், கயிற்றை அறுக்கிறான், மூச்சு அடைக்கும் நேரத்தில் எமர்ஜ் ஆகிறான். இனி அவன் ஃபியூஜிடிவ்.

ஒரு சொல்லுக்கும் பொருள் எழுதவில்லை, ஆனாலும் பெரும்பாலும் விளங்கியிருக்கும். கதை வேலை செய்துவிட்டது. இனி வேரைக் கிளறலாம்.

லத்தீனில் மெர்கெரே என்றால் மூழ்கு. சப் என்பது கீழே; கீழே மூழ்கினால் சப்மெர்ஜ். எக்ஸ் அல்லது எ என்பது வெளியே. மூழ்கியிருந்தது வெளியே வந்தால் எமர்ஜ். அங்கிருந்து எமர்ஜென்சி. எதிர்பாராமல் திடீரென்று மேலே கிளம்பி வந்து நிற்பது. ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு எழுத்தில் இந்தச் சொல்லைப் பார்க்கிறவருக்கு இதில் தண்ணீர் இருப்பது தெரியாது. தாந்தெஸின் தலை நீருக்கு மேலே வந்த காட்சியோடு சேர்த்துப் பார்த்தவருக்கு இனி மறக்காது.

எக்ஸ்கவேட்டில் இருப்பது கவுஸ், உள்ளே வெற்றிடமான, குழிந்த என்று பொருள். குகையான கேவ், பல் டாக்டர் சொல்லும் கேவிட்டி, எட்டாம் வகுப்புக் கான்கேவ் லென்ஸ் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். இதே குடும்பத்தில் கவேயா என்ற கூண்டு உண்டு. அதன் சிறு வடிவமான கவேயோலா பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஜெயில் ஆயிற்று. அப்படியானால் ஜெயிலுக்குள் எக்ஸ்கவேட் செய்தவன், ஒரே வேரை வைத்து அதே வேரைத் தோண்டியிருக்கிறான்.

சப்டெரேனியனில் டெர்ரா, மண். சுட்ட மண் டெரகோட்டா. மண்ணைக் குவித்து மேடாக்கிய தளம் டெரஸ். நாம் வடாம் காயவைக்கும் மொட்டைமாடிக்கு அந்தப் பெயர் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. நிலங்களுக்கு நடுவே உள்ள கடல் மெடிட்டரேனியன். தாந்தெஸை எறிந்தது அதில்தான்.

ஃபுகெரே என்றால் ஓடித் தப்பு. ஃபியூஜிடிவ், ரெஃப்யூஜி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ். கடைசியில் சொன்னது, மையத்தை விட்டு ஓடச் செய்வது. சப்டர்ஃபியூஜ், அடியில் மறைவாக நழுவுவது. சாக்குக்குள் புகுந்ததைவிட அதற்கு நல்ல உதாரணம் கிடையாது. கெடாவரில் காடெரே, விழு. மேலே வந்து விழுவது ஆக்ஸிடென்ட். கேப்டிவில் காபெரே, பிடி. கேப்சர் அதில் கண்ணுக்குத் தெரிகிறது. அக்செப்ட், ரிசீவ், டிசீவ் மூன்றும் அதே பிடிதான். உயிரெழுத்து மாறி முகம் மாறிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தடையும் உண்டு. இதை ஆங்கில வகுப்புகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வசதி, நமக்குச் சொல்லைப் பிரித்துப் பழக்கம். பவணந்தியின் நன்னூல் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பு சொல்கிறது. மார்க்குக்காகவாவது இதைச் செய்யாத தமிழ் மாணவர் கிடையாது. காத்தனன் என்றால் கா, த், த், அன், அன். கா என்பது பகுதி. காவல், காப்பு, காப்பகம், காப்பீடு, காப்புரிமை, பாதுகாப்பு எல்லாவற்றிலும் அதே கா நிற்கிறது. சிறையில் அடைப்பதும் காவல், சேதமின்றி வைப்பதும் காவல்.

தடை, நம் சொல்லில் வேர் முன்னால் நிற்கும். பின்னால் வருவதெல்லாம் ஒட்டு. வடமொழியிலிருந்து வந்த அநீதி, நிர்மூலம் போன்றவற்றை விட்டால், தலையில் ஒட்டு வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. அகராதியைத் திறந்தால் காவலும் காப்பும் சில பக்கத்துக்குள் அக்கம்பக்கமாக இருக்கும். லத்தீன் வழி வந்த ஆங்கிலச் சொல்லிலோ வேர் நடுவில் ஒளிந்திருக்கிறது. எமர்ஜ் 'ஈ'யில், இம்மர்ஸ் 'ஐ'யில், சப்மெர்ஜ் 'எஸ்'ஸில். அண்ணன் தம்பிகளை அகராதி வெவ்வேறு ஊரில் குடிவைத்திருக்கிறது. அதனால் தமிழ்க் கண் சொல்லின் முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறுகிறது. சப்மெர்ஜையும் சப்ஜெக்டையும் உறவாக்கிப் பார்க்கும். எமர்ஜென்சியோடு அதைச் சேர்க்காது. முன்னொட்டைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தை நாம் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் ஊறியவர்களின் மூளை இதைத் தானாகவே செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 1975-இல் மார்கஸ் டாஃப்ட்டும் கென்னத் ஃபார்ஸ்டரும் திரையில் எழுத்துக்கோவைகளைக் காட்டி, இது ஆங்கிலச் சொல்லா இல்லையா என்று கேட்டார்கள். ரெஜுவனேட் என்பதிலிருந்து முன்னொட்டை வெட்டிய 'ஜுவனேட்' சொல் ஆகாது. ரெபர்ட்வார் என்பதன் தலையை வெட்டிய 'பர்ட்வார்' என்பதும் ஆகாது. இரண்டையும் இல்லை என்று தள்ள வேண்டும். ஆனால் 'ஜுவனேட்'டைத் தள்ளக் கூடுதல் நேரம் பிடித்தது. ரெஜுவனேட்டில் 'ரெ' நிஜமான முன்னொட்டு. அதைக் கழற்றிய வேர் மூளைக்குள் ஏற்கெனவே தனியாகப் பதிந்திருக்கிறது. அதனால்தான் தயக்கம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

இந்தப் பிரிக்கும் வேலை கண்மூடித்தனமாக நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 2004-இல் கேத்லீன் ராஸில், மேத்யூ டேவிஸ், போரிஸ் நியூ மூவரும் ஒரு சொல்லை நொடியின் இருபதில் ஒரு பங்குகூட நீடிக்காத நேரத்துக்குக் காட்டி, உடனே அடுத்த சொல்லைக் காட்டினார்கள். க்ளீனர் என்பதைக் காட்டினால் க்ளீன் விரைவாக அடையாளம் தெரிகிறது, அது எதிர்பார்த்ததே. கார்னர் என்பதைக் காட்டினால் கார்ன் என்ற சோளமும் அதேபோல் விரைவாகத் தெரிந்தது. மூலைக்கும் சோளத்துக்கும் எந்த உறவும் இல்லை. 'அர்' என்று பின்னொட்டுப்போல் ஏதோ முடிகிறது, உடனே மூளை வெட்டிப் பார்த்துவிடுகிறது. பொருள் பொருந்துகிறதா என்ற விசாரணை அப்புறம்தான். மிச்சமிருப்பது பின்னொட்டின் சாயலில் இல்லாத சொற்களில் இது நடக்கவில்லை.

வேர் தேடுகிறவர்கள் விழும் குழியும் இதுவே. கேப்டிவ், கேப்டன், எஸ்கேப் மூன்றிலும் 'கேப்' கேட்கிறது. கேப்டிவ் பிடி என்ற காபெரேயிலிருந்து வந்தது. கேப்டன் தலை என்ற காபுட்டிலிருந்து வந்தது. தலைநகரான கேபிட்டல் அவனுக்கு உறவு. எஸ்கேப் கப்பா என்ற மேலங்கியிலிருந்து, எக்ஸ் கப்பா, அங்கியை விட்டு வெளியே. துரத்தி வந்தவன் கையில் மேலாடை மட்டும் மிஞ்ச, ஆள் நழுவிவிடுகிறான். தாந்தெஸ் சாக்கை விட்டு நழுவியதைப் பார்க்கும்போது டூமா இதை மனதில் வைத்து எழுதினாரோ என்று ஒரு சபலம் வரும். அதெல்லாம் நம் கற்பனை. பிடிபட்டவனும் பிடியிலிருந்து தப்பியவனும் ஒரே வேர் என்று நினைப்பது அதைவிட அழகான கற்பனை, ஆனால் தப்பு.

தமிழில் அந்த அழகு நிஜமாகவே இருக்கிறது. தப்பு என்றால் பிழை. தப்பு என்றால் நழுவு. குறி தப்பியது, கணக்கு தப்பியது, உயிர் தப்பியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இப்படியே. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை ஒரே பதிவில் வைத்திருக்கிறது. ஃபரியாவின் சுரங்கம் திசை தப்பியது, அதனால் தாந்தெஸ் தப்பினான்.

வேர்களைச் சொல்லிக்கொடுப்பதால் பயன் உண்டா என்றால், உண்டு. சொல்லின் உறுப்புகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த 22 ஆய்வுகளை பீட்டர் பவர்ஸ், ஜான் கிர்பி, ஹெலன் டீக்கன் ஆகியோர் 2010-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதலாகவே தெரிந்தது. ஆனால் ஐந்நூறு லத்தீன் வேர்களைப் பட்டியலாக அச்சிட்டு விற்பது இதன் பொருள் ஆகாது. சொல் பட்டியலில் இருந்த நோய் வேர்ப் பட்டியலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். என் கட்சி இது: சொல்லை முதலில் கதையில் சந்திக்க வேண்டும். இரண்டாவது உறவினர் வந்து சேரும்போதுதான் வேரைக் கேட்க வேண்டும். ஒரே ஆளைத் தெரிந்துகொண்டு குடும்ப மரம் வரைவதில் சுவாரசியம் இருக்காது.

டூமாவும் ஏறத்தாழ இப்படித்தான் எழுதியிருக்கிறார். தாந்தெஸ் கப்பல்காரன், இத்தாலியன் முன்பே தெரியும், கிழக்குக் கரைகளில் பொறுக்கிய கிரேக்கம் கொஞ்சம் தெரியும். அந்த இரண்டின் துணையோடு மற்ற மொழிகளின் அமைப்பு அவனுக்குச் சுலபமாகப் பிடிபட்டுவிடுகிறது. ஆறே மாதத்தில் ஸ்பானிஷ், ஆங்கிலம், ஜெர்மன் பேசத் தொடங்குகிறான். இத்தாலியனிலிருந்து ஸ்பானிஷுக்குப் போவது அடுத்த தெருவுக்குப் போவது. ஜெர்மனையும் அதே மூச்சில் சேர்த்ததை நாவல் என்று விட்டுவிட வேண்டும்.

கிழவரின் முறையில் இன்றைய ஆய்வு அதிகம் மெச்சக்கூடியது, அவரிடம் அகராதி இல்லாதது. ஒரு சொல் வேண்டுமானால் தலைக்குள்ளிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும். ஜெஃப்ரி கார்பிக்கும் ஹென்றி ரோடிகரும் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்கள். சிலர் ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். அதில் மறுபடி தேர்வு இல்லை. வேறு சிலர் அந்தச் சொல்லை மறுபடி படிக்கவில்லை; அதில் திரும்பத் திரும்பத் தேர்வு மட்டும் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்தவர்களிடம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் மிஞ்சியது. தேர்வு எழுதியவர்களிடம் 80 விழுக்காடு. வேடிக்கை, எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாருமே பாதி தேறும் என்றுதான் சொன்னார்கள். எந்த வழி தனக்கு உதவியது என்பது படிக்கிறவருக்கே தெரிவதில்லை.

எனவே மேலே உள்ள சாக்குக் கதையை இன்னொரு முறை வாசிப்பதில் பெரிய லாபம் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு யாரிடமாவது சொல்லுங்கள், அந்தச் சொற்களைப் போட்டே. திக்கும் இடத்தில் திக்கட்டும், உடனே திறந்து பார்க்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை.

பிடுங்கி எடுக்க முடிந்தாலும், எடுக்கும் வேகம் தனி விஷயம். 1944 மார்ச் 24 இரவு, இன்று போலந்தில் உள்ள ஸாகான் அருகே, ஸ்டாலாக் லுஃப்ட் மூன்று என்ற ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து 76 விமானப்படையினர் சுரங்கம் வழியே வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 50 பேரை ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொன்றார்கள். கடைசிவரை தப்பியவர்கள் மூவர்: இரண்டு நார்வேக்காரர்கள், ஒரு டச்சுக்காரர். மூவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. மொழி மட்டுமே அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது, ஆனால் போர்க்கால ஐரோப்பாவில் அயல்நாட்டுத் தொழிலாளியாக ரயிலேற அது இடைஞ்சலாக இருந்திருக்காது. இதை வைத்து 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஒரு காட்சி. சக கைதிகளை ஜெர்மன் பேசவைத்து, நடுவே ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்லிப் பொறியில் சிக்கவைத்துப் பயிற்சி கொடுத்தவர், தாமே பஸ்ஸில் ஏறும்போது அதிகாரி ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொல்ல, வாய் தவறி ஆங்கிலத்திலேயே நன்றி சொல்லி மாட்டிக்கொள்கிறார். அவருக்கு ஜெர்மன் தெரியாமல் இல்லை. யோசிக்காமல் வரும் சொல் எது என்பதில் தோற்றுப்போகிறார்.

தாந்தெஸுக்கு அந்தச் சோதனை வேறு விதமாக வருகிறது. இரவில் நீந்தித் தீவொன்றில் ஒதுங்கியவனை மறுநாள் ஒரு கடத்தல் கப்பல் தூக்கிக்கொள்கிறது. கப்பலின் பெயர் லா ஜூன் அமெலி. நீ யார் என்று மட்டமான பிரெஞ்சில் கேட்கிறார்கள். மால்டாவைச் சேர்ந்த மாலுமி என்று மட்டமான இத்தாலியனில் பதில் சொல்கிறான். ஃபரியாவிடம் படித்த ஆங்கிலமோ ஜெர்மனோ அங்கே வாயைத் திறக்கவில்லை. மால்டாக்காரன் கொச்சையாகப் பேசினால்தானே நம்புவார்கள். அந்தக் கப்பலின் தலைவனைப் பற்றி டூமா போகிறபோக்கில் ஒரு தகவல் தருகிறார்: அரபு முதல் ப்ரொவான்ஸ் வரை, அந்தக் கடலைச் சுற்றிப் புழங்கும் மொழிகளெல்லாம் அவனுக்கு அரைகுறையாகத் தெரியும். எந்தப் பாதிரியாரிடமும் படித்ததில்லை. சரக்கு பேரம் பேசவும் சுங்க அதிகாரிகளுக்குத் தண்ணி காட்டவும் நடுவே துபாஷி வேண்டாம் என்று, துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கிக்கொண்டது.